எலும்புப் புற்றுநோய்க்கு நோய்த்தணிப்புச் சிகிச்சை: நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

எலும்பில் வரும் புற்றுநோயின் வலிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அசையாமல் படுத்திருப்பவருக்கு அது அடங்கிவிட்டதுபோலத் தோன்றும். எழுந்து காலை ஊன்றிய நொடியில் தாங்க முடியாததாகிவிடும். மருத்துவரின் அறையில் நாற்காலியில் அமர்ந்தபடி "இப்போது பரவாயில்லை" என்று சொல்லும் அதே நோயாளி, வீட்டில் கழிப்பறைக்குப் போவதைக்கூடத் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பார். இந்த வழிகாட்டியின் படிகள் பெரும்பாலும் இதைச் சுற்றியே அமைந்தவை. அசைவில் வரும் வலியை அளந்து, அதற்கான காரணத்தைக் கண்டு சரிசெய்யாமல் மருந்தின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், நோயாளிக்கு மிஞ்சுவது தூக்கக்கலக்கம்தான்.

எலும்புப் புற்றுநோய் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரு பிரிவினர் இருக்கிறார்கள். ஆஸ்டியோசர்கோமா, யூயிங் சர்கோமா, காண்ட்ரோசர்கோமா ஆகியவை எலும்பிலேயே தோன்றுபவை. எல்லாப் புற்றுநோய்களிலும் இத்தகைய முதல்நிலைக் கட்டிகளின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. முதலில் சொன்ன இரண்டும் பெரும்பாலும் சிறுவர்களையும் வளரிளம் பருவத்தினரையும் தாக்குகின்றன. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு போன்ற உறுப்புகளில் தொடங்கி எலும்புக்குப் பரவும் புற்றுநோய் இவற்றைவிட மிக அதிகமாகக் காணப்படுவது. வலியைத் தணிக்கும் முறைகளில் பல இரு பிரிவினருக்கும் பொதுவானவை. வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன். இதில் வரும் மருந்தளவுகள் புரிந்துகொள்வதற்காகத் தரப்பட்டவை. ஒவ்வொருவருக்கும் உரிய அளவைச் சிகிச்சை தரும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் படி: எப்போது தொடங்குவது

வலியையும் மற்ற தொல்லைகளையும் தணிக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையை, நோய் உறுதியானவுடன் தொடங்குவதே சரி. அதன் ஆங்கிலப் பெயரான "பேலியேட்டிவ் கேர்" என்ற சொல் காதில் விழுந்ததுமே "கைவிட்டுவிட்டார்கள்" என்று குடும்பம் கலங்குவது இயல்புதான். ஆனால் கீமோதெரபி, அறுவைசிகிச்சை, கதிர்வீச்சு எதையும் நிறுத்தாமல் அவற்றோடு சேர்த்தே இதைப் பெறலாம். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நிலையிலிருந்த நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்களின் வாழ்க்கைத்தரம் மேம்பட்டிருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது. அவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 11.6 மாதங்கள், மற்றவர்களுக்கு 8.9 மாதங்கள். அது எலும்புப் புற்றுநோயில் நடந்த ஆய்வன்று என்பதால் அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனாலும் சீக்கிரம் தொடங்குவது ஆயுளைக் குறைத்துவிடுமோ என்ற அச்சத்துக்கு அது நல்ல பதில்.

குணமாகும் வாய்ப்புள்ள ஆஸ்டியோசர்கோமா நோயாளிக்கும் இது தேவைப்படும். அறுவைசிகிச்சைக்கு முந்தைய வாரங்களின் வலி, கீமோதெரபியின் குமட்டலும் வாய்ப்புண்ணும், கால் அகற்றப்பட்டால் அதன் பின்விளைவுகள் எல்லாமே இந்தத் துறையினர் நன்கு அறிந்தவை. மருத்துவர் தாமாகப் பரிந்துரைக்கவில்லையென்றால், "சிகிச்சை நடக்கும்போதே வலிக்கும் மற்ற தொல்லைகளுக்கும் நோய்த்தணிப்புக் குழுவைப் பார்க்க விரும்புகிறோம்" என்று நேரடியாகக் கேட்கலாம்.

இரண்டாம் படி: வலியை அசைவோடு சேர்த்து அளப்பது

0 முதல் 10 வரையிலான அளவுகோலைப் பெரும்பாலான மருத்துவமனைகள் பயன்படுத்துகின்றன. 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் கற்பனை செய்யக்கூடிய மிகக் கடுமையான வலி. எலும்புப் புற்றுநோயில் ஒற்றை எண்ணைக் குறித்துவைப்பது போதாது. ஒரு சிறிய நோட்டில், ஒவ்வொரு நாளும் படுத்திருக்கும்போது எவ்வளவு, திரும்பிப் படுக்கும்போது எவ்வளவு, எழுந்து நடக்கும்போது எவ்வளவு என்று மூன்று எண்களை எழுதுங்கள். "படுக்கையில் 2, திரும்பும்போது 5, குளியலறைக்கு நடக்கும்போது 9" என்ற ஒரு வரி, "வலி அதிகமாக இருக்கிறது" என்ற வாக்கியத்தைவிட மருத்துவருக்குப் பல மடங்கு பயன்படும். கூடுதல் மருந்து எந்த நேரத்தில், எதைச் செய்யும்போது தேவைப்பட்டது என்பதையும் அதே பக்கத்தில் குறித்துவையுங்கள். அதன் அருமை நான்காம் படியில் விளங்கும்.

வலியின் தன்மையும் முக்கியம். ஆழத்தில் ஒரே இடத்தில் குடைவதுபோல் இருப்பது பெரும்பாலும் எலும்பிலிருந்து வருவது. எரிச்சலாகவோ, மின்சாரம் பாய்வதுபோலவோ, மரத்துப்போய்க் காலின் வழியே இறங்குவதாகவோ இருந்தால் நரம்பு அழுத்தப்படுகிறது என்று கொள்ளலாம். அதற்கான மருந்துகள் வேறு.

மூன்றாம் படி: எலும்பு முறியும் நிலையில் உள்ளதா என்று கேட்பது

புற்றணுக்கள் எலும்பை நேராகக் கரைப்பதில்லை. எலும்பைக் கரைப்பதற்கென்றே உடலில் உள்ள ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை அவை தூண்டிவிடுகின்றன. அச்செல்கள் அமிலத்தைச் சுரந்து எலும்பைத் தின்கின்றன. அந்த அமிலமே எலும்பினுள் உள்ள நரம்பு முனைகளைத் தூண்டி வலியைக் கிளப்பும். எலும்பு மெலியும்போது, உடலின் எடை ஏறும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய அளவில் வளைந்து, நரம்புகள் நிறைந்த மேலுறையை இழுக்கிறது. எனவே, எடை தாங்கும்போது மட்டும் எகிறும் வலியை எலும்பு முறியப்போவதற்கான முன்னறிவிப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேறு உறுப்பிலிருந்து கை கால் எலும்புகளுக்குப் பரவிய நோயில் இதைக் கணிக்க, 1989இல் வெளியான மிரல்ஸ் மதிப்பெண் முறை உதவுகிறது. கட்டி இருக்கும் இடம், வலியின் தன்மை, எலும்பு கரைந்திருக்கிறதா இறுகியிருக்கிறதா என்பது, எலும்பின் குறுக்களவில் எவ்வளவு பங்கு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது ஆகிய நான்குக்கும் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண் தந்து கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 9 அல்லது அதற்கு மேல் என்றால், முறிவதற்கு முன்பே உலோகக் கம்பியோ தகடோ பொருத்திப் பலப்படுத்துவது பரிந்துரைக்கப்படும். முறிந்த பின் செய்வதைவிட முன்கூட்டிச் செய்யும்போது அறுவைசிகிச்சை எளிது, மீள்வதும் விரைவு. வயதானவர், நோய் முற்றியவர் என்ற காரணங்களுக்காக மட்டும் இதை மறுத்துவிட வேண்டாம். எஞ்சிய மாதங்களைப் படுக்கையில் கழிப்பதா, எழுந்து நடமாடுவதா என்பதை இந்த ஒரு முடிவே தீர்மானிக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. எலும்பிலேயே தோன்றிய சர்கோமாவாக இருக்கக்கூடும் என்ற ஐயம் இருக்கும்வரை, பயாப்சி (சிறிது திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனை) முடிவு வராமல் கம்பி பொருத்தக் கூடாது. எலும்பின் உட்குழாய் வழியே கம்பியைச் செலுத்தும்போது புற்றணுக்களும் அதன் நெடுகப் பரவிவிடும். காப்பாற்றியிருக்கக்கூடிய காலை இழக்க நேரிடலாம். பயாப்சியையும், பின்னர் அறுவைசிகிச்சை செய்யப்போகும் மையத்திலேயே எடுத்துக்கொள்வது நல்லது.

முதுகெலும்பு முறிவுகளுக்குத் தோல் வழியே ஊசி செலுத்தி எலும்புச் சிமெண்ட் நிரப்பும் முறையும், சில இடங்களில் கட்டியை வெப்பத்தாலோ குளிராலோ அழிக்கும் முறையும் உண்டு.

நான்காம் படி: மருந்துகளை முறையாகக் கையாள்வது

உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் முன்வைத்த மூன்றடுக்கு வலிநிவாரண ஏணி இன்றும் பலருக்கு வழிகாட்டுகிறது: லேசான வலிக்குப் பாராசிட்டமால் அல்லது அழற்சி குறைக்கும் மருந்துகள், நடுத்தர வலிக்கு லேசான ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து), கடும் வலிக்கு மார்ஃபின் போன்றவை. வலி ஆரம்பத்திலேயே கடுமையாக இருந்தால் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நேராக மார்ஃபினில் தொடங்கலாம். அந்நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஏணியை ஒரு பொது வழிகாட்டியாகவே கருதுகிறது, கண்டிப்பான விதியாக அன்று.

இபுபுரூஃபன், டைக்ளோஃபெனக் போன்றவை எலும்பு வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் சிறுநீரகக் குறைபாடு, வயிற்றுப்புண் உள்ளவர்களும், கீமோதெரபியால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது. கீமோதெரபி நடக்கும் காலத்தில் பாராசிட்டமால் எடுப்பவர்கள், மாத்திரைக்கு முன்பே உடல் வெப்பத்தை அளந்துவிட வேண்டும்; இல்லையென்றால் ஆபத்தான தொற்றின் காய்ச்சல் வெளியே தெரியாமல் மறைந்துவிடும்.

இனி மார்ஃபின். இதன் மேல் உள்ள பயம் நோயைவிட அதிகத் துன்பம் தருவதுண்டு. வலிக்காக, சரியான அளவில், மருத்துவ மேற்பார்வையில் எடுக்கும்போது அடிமையாகிவிடும் நிலை அரிது. திடீரென்று நிறுத்தினால் உடல் எதிர்வினை காட்டும், எனவே படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆனால் அது போதைக்கு அடிமையாவதிலிருந்து வேறானது. வாய்வழி எடுக்கும் சாதாரண மார்ஃபின் சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். ஆகவே வலி வந்த பிறகு தேடாமல், கடிகாரப்படி 4 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். அளவு நிலைப்பட்டதும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மெதுவாக வெளியாகும் மாத்திரைக்கு மாற்றலாம். அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

இடையில் வலி கிளம்பினால் எடுப்பதற்கு, ஒரு நாளின் மொத்த அளவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைக் கூடுதல் டோஸாகத் தருவார்கள். ஒருவர் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளின் மொத்தம் 60. கூடுதல் டோஸ் 10. நேற்று அவருக்கு நான்கு முறை கூடுதல் டோஸ் தேவைப்பட்டது. அந்த நான்கும் இரவில், அசையாமல் படுத்திருக்கும்போதே தேவைப்பட்டிருந்தால், அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள். மருத்துவர் அதை 15 மில்லிகிராம் வரை உயர்த்தக்கூடும். அதே நான்கும் குளிக்கவும் நடக்கவும் எழுந்தபோது தேவைப்பட்டிருந்தால் கணக்கு மாறுகிறது. அடிப்படை அளவை உயர்த்தினால் எழும்போது வரும் வலி அப்போதும் முழுதாக அடங்காது, ஆனால் சும்மா இருக்கும் நேரமெல்லாம் நோயாளி உறக்கத்தில் கிடப்பார். அங்கே செய்ய வேண்டியது, குளிப்பதற்கு அரைமணி நேரத்துக்கு முன்பே கூடுதல் டோஸைத் தருவதும், மூன்றாம் படிக்குத் திரும்பி எலும்பைப் பார்ப்பதும்தான். நோட்டில் நேரத்தையும் செயலையும் எழுதச் சொன்னது இதற்காகவே.

மலச்சிக்கல் மார்ஃபினின் நிழல்போல வரும். உடல் அதற்குப் பழகிக்கொள்வதே இல்லை. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர வேண்டும். குமட்டலும் தூக்கக்கலக்கமும் பெரும்பாலோருக்குச் சில நாட்களில் குறைந்துவிடும். எழுப்பியும் எழாத உறக்கம், மிக மெதுவான மூச்சு, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி ஆகியவை அளவு மிஞ்சியதற்கான அடையாளங்கள். உடனே உதவி தேட வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் உடலில் மார்ஃபினின் கழிவுப்பொருட்கள் தேங்கும் என்பதால் ஃபென்டனில் போன்ற வேறு மருந்து தேர்ந்தெடுக்கப்படும். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றப்படுவது. அது முழுதாக வேலை செய்யத் தொடங்கவே 12 முதல் 24 மணி நேரம் ஆகும், ஓபியாய்டுக்குப் பழகாதவருக்கு ஆபத்தானது. பேட்ச் ஒட்டிய இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் மருந்து அளவுக்கு மீறி உடலில் ஏறிவிடும்.

நரம்பு வலிக்குக் கபபென்டின், பிரீகபலின், அமிட்ரிப்டிலின், டுலோக்சிடின் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்ப்பார்கள். வீக்கம் அழுத்தித் தரும் வலிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உதவும். மாலையில் எடுத்தால் தூக்கம் கெடும் என்பதால் காலையில் எடுப்பது வழக்கம்.

ஐந்தாம் படி: கதிர்வீச்சும் எலும்பைக் காக்கும் மருந்துகளும்

பரவிய நோயால் வரும் எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு மிகச் சிறந்த சிகிச்சைகளில் ஒன்று. ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கு வலி குறைகிறது. ஒரே நாளில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தருவதும், இரண்டு வாரங்களில் 10 தவணைகளாக 30 கிரே தருவதும் வலியை ஏறக்குறைய ஒரே அளவில்தான் தணிக்கின்றன. ஒரே தவணையில் பெற்றவர்களுக்குப் பின்னாளில் மறுபடியும் தேவைப்படும் வாய்ப்பு கூடுதல், சுமார் 20 சதவீதம். பல தவணைகளில் பெற்றவர்களுக்கு 8 சதவீதம். என்னைக் கேட்டால், எழுந்து உட்காரவே சிரமப்படும் ஒருவரைப் பத்து முறை மேசையில் ஏற்றி இறக்குவதைவிட ஒரே தவணையே கருணையானது. அதற்கு வழியுண்டா என்று கேட்கத் தயங்க வேண்டாம். யூயிங் சர்கோமா கதிர்வீச்சுக்கு நன்கு அடங்கும். ஆஸ்டியோசர்கோமாவும் காண்ட்ரோசர்கோமாவும் எளிதில் அடங்காதவை என்பதால் திட்டம் மாறும்.

சொல்லாமல் விடப்பட்டால் குடும்பத்தைப் பதறவைக்கும் செய்தி ஒன்று உண்டு. கதிர்வீச்சுக்குப் பின் முதல் சில நாட்களில் வலி கூடலாம். பத்தில் மூன்று நான்கு பேருக்கு இது நிகழ்கிறது, தானாக அடங்கும், டெக்ஸாமெத்தசோன் இதைக் குறைக்கும். முழுப் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். அதுவரை வலி மருந்துகளை நிறுத்தக் கூடாது.

ஆஸ்டியோகிளாஸ்ட்களை அடக்கும் மருந்துகள் பரவிய நோயில் முறிவுகளைக் குறைக்கின்றன: சோலெட்ரானிக் அமிலம் 4 மில்லிகிராம் ரத்தக்குழாய் வழியாக, அல்லது டெனோசுமாப் 120 மில்லிகிராம் தோலுக்கடியில். இரண்டுக்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கிவிட வேண்டும். சிகிச்சையின் நடுவே பல் பிடுங்கினால் தாடை எலும்பு அழுகும் அபாயம் உண்டு. ரத்தத்தில் கால்சியம் தாழ்ந்துவிடாமல் கண்காணிப்பதும், சோலெட்ரானிக் அமிலத்துக்குச் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்ப்பதும் அவசியம்.

ஆறாம் படி: காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்

தண்டுவடம் அழுத்தப்படுவது இவற்றில் முதன்மையானது. புதிதாகத் தோன்றிய அல்லது நாளுக்கு நாள் கூடும் முதுகுவலி, படுத்தாலும் இருமினாலும் அதிகரிக்கும் வலி, மார்பைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோன்ற இறுக்கம், கால்கள் தளர்வது, மரத்துப்போவது, சிறுநீர் பிரியாமல் நிற்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் முதுகெலும்பு முழுவதையும் எம்.ஆர்.ஐ. எடுத்து, டெக்ஸாமெத்தசோன் தொடங்கி, கதிர்வீச்சோ அறுவைசிகிச்சையோ முடிவு செய்வார்கள். சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிந்தவர்கள் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். நடையை இழந்த பின் வந்தவர்களில் சிலருக்கே அது திரும்புகிறது. மறுநாள் காலை வரை பொறுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே இங்கே எதிரி.

அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு, சோர்வு ஆகியவை ஒன்றாக வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். இதை மார்ஃபினின் விளைவு என்று தவறாக நினைப்பது எளிது. ஒரு ரத்தப் பரிசோதனை பதில் சொல்லிவிடும், திரவமும் சோலெட்ரானிக் அமிலமும் தந்து சரிசெய்யலாம். திடீரென்று "டொக்" என்ற ஓசையோடு வந்த கடும் வலியும், வளைந்துபோன கை காலும் முறிவைக் காட்டுபவை.

ஏழாம் படி: அசைவும் வீடும்

படுக்கையில் திருப்பும்போது தோளையும் இடுப்பையும் தனித்தனியே முறுக்கக் கூடாது. இருவர் சேர்ந்து, அடியில் விரித்த துணியைப் பிடித்து, தலை முதல் கால் வரை ஒரே மரக்கட்டையை உருட்டுவதுபோல ஒருசேரத் திருப்ப வேண்டும். பாதிக்கப்பட்ட கையைப் பிடித்து ஒருபோதும் தூக்கிவிடாதீர்கள். ஊன்றுகோலா வாக்கரா, எந்தக் காலில் எவ்வளவு எடை தரலாம் என்பதையெல்லாம் பிசியோதெரபிஸ்ட் சொல்ல வேண்டும். உயர்த்திய கழிப்பறை இருக்கையும், சுவரில் பதித்த கைப்பிடியும், வழுக்காத தரையும் பல வலி மருந்துகளுக்கு ஈடு.

கால் அகற்றப்பட்டவர்களுக்கு இல்லாத காலில் வலி தெரிவது கற்பனையன்று, நரம்பு மண்டலத்திலிருந்து வரும் உண்மையான வலி. நரம்பு வலி மருந்துகளும், கண்ணாடியில் மறுகாலைப் பார்த்தபடி செய்யும் பயிற்சியும் சிலருக்கு உதவுகின்றன. தோலை உடைத்து வெளிவந்த கட்டியின் நாற்றம் நோயாளியை மனிதர்களிடமிருந்து விலக்கிவைக்கும். மெட்ரோனிடசோல் புண்ணின் மேல் பூசப்படும்போது அது வெகுவாகக் குறைகிறது. கூச்சத்தால் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

எட்டாம் படி: சிறுவர்களும் மனமும்

பேசத் தெரியாத குழந்தையின் வலியை முகம், கால்கள், அசைவு, அழுகை, ஆறுதலுக்கு அடங்குதல் ஆகியவற்றைக் கொண்டு அளக்கிறார்கள். சற்றே வளர்ந்தவர்களுக்கு முகங்களின் படங்கள் உண்டு. ஏணியின் நடுப்படியில் வரும் லேசான ஓபியாய்டான கோடீனை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2012இல் குழந்தைகளுக்கு இரண்டே படிகளைப் பரிந்துரைத்ததும் இதனால்தான். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் நோயை மறைப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். தெரிந்துகொண்டு, தெரியாததுபோல் பெற்றோருக்காக நடிக்கும் சுமையையும் அது அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறது. அவர் கேட்கும் அளவுக்கு, கேட்கும் நேரத்தில் உண்மையைச் சொல்வதே நல்லது. எதிர்காலத்தில் குழந்தை பெறும் வாய்ப்பைப் பாதுகாப்பது பற்றிக் கீமோதெரபிக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (நோய் முற்றியவர்களுக்கான பராமரிப்பு இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, ஆன்மா நான்கும் சேர்ந்ததே முழு வலி என்று விளக்கினார். மருந்து கூட்டியும் அடங்காத வலியின் பின்னால் பிள்ளைகளின் படிப்பு, கடன், வேலை பற்றிய கவலை இருக்கிறதா என்று ஒருவராவது கேட்க வேண்டும்.

ஒன்பதாம் படி: நோய் முற்றும்போது

நோயாளி தெளிவாகப் பேசும் காலத்திலேயே, எங்கே இருக்க விரும்புகிறார், செயற்கைச் சுவாசம் வேண்டுமா, தமக்காக முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பவற்றைக் கேட்டு எழுதிவையுங்கள். ஆஸ்டியோசர்கோமா பெரும்பாலும் நுரையீரலுக்கே பரவுவதால் மூச்சுத்திணறலுக்குத் தயாராக இருப்பது நல்லது: சாய்ந்து அமரவைத்தல், முகத்தில் படும்படி சிறு மின்விசிறி, குறைந்த அளவு மார்ஃபின் ஆகியவை ஆக்சிஜன் அளவு சரியாக உள்ளவர்களுக்கும் நிம்மதி தரும்.

விழுங்க முடியாத நிலை வந்தால் வலி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. சிரிஞ்ச் பம்ப் மூலம் தோலுக்கடியில் நாள் முழுக்கச் செலுத்தலாம். இறுதி நாட்களில் பசியும் தாகமும் இயல்பாகவே அடங்கும். வற்புறுத்தி ஊட்டுவது புரையேற வைக்கும். ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்து, உதட்டுக்கு எண்ணெயோ களிம்போ தடவுவது போதும். தொண்டையில் கரகரவென்ற ஓசை வந்தால், பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைப்பதும் சுரப்பைக் குறைக்கும் ஊசியும் உதவும். கேட்பவருக்குக் கடினமாக இருந்தாலும் நோயாளிக்கு அது பெரும்பாலும் துன்பம் தருவதில்லை.

நோயாளி இறந்த பின் வீட்டில் எஞ்சும் மார்ஃபினையும் பேட்ச்களையும் எண்ணி, மருந்து தந்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். பயன்படுத்திய பேட்சிலும் குழந்தையின் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மருந்து மிச்சமிருக்கும் என்பதால், ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்தே வைத்திருங்கள். நல்ல நோய்த்தணிப்புக் குழுக்கள் அதற்குப் பிறகும் சில மாதங்கள் குடும்பத்தோடு தொடர்பில் இருக்கும். பெற்றோர், துணைவரோடு நிறுத்திவிடாமல், நோயின் காலம் முழுவதும் கவனிக்கப்படாமல் ஒதுங்கியிருந்த உடன்பிறந்த சிறுவர்களையும் அவர்களிடம் அழைத்துச் செல்லுங்கள்.